மரப் பூச்சுக்கும் தொழிற்சாலைப் பூச்சுக்கும் எந்த சிலிக்கா? மேட்டிங் ஏஜென்ட்களின் ஓர் ஒப்பீடு

மேட் எனப்படும் பளபளப்புக் குறைந்த பூச்சுக்கு, அந்தத் தோற்றத்தைத் தரும் மேட்டிங் ஏஜென்டாக சிலிக்காத் தூளைத் தேர்ந்தெடுக்க உட்காருபவரின் மேசைக்கு வரும் தரவுத்தாள்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். சராசரித் துகள் அளவு, துளைக் கொள்ளளவு, எண்ணெய் உறிஞ்சும் திறன், ஈரப்பதம், பி.எச். மதிப்பு, மெழுகு ஏற்றப்பட்டதா இல்லையா என்ற குறிப்பு ஆகியவற்றோடு அவை முடிந்துவிடும். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, துகள் அளவு பொருந்துவதையும் கிலோ விலை குறைந்ததையும் எடுத்துக்கொள்வதே பரவலான வழக்கமாக இருக்கிறது. ஆனால் ஒரு சிலிக்கா எவ்வளவு மேட் தரும் என்பதைத் தீர்மானிப்பதில் சிலிக்காவைவிடப் பூச்சுப் படலத்துக்கே பெரிய பங்கு உண்டு. படலம் உலரும்போது எவ்வளவு சுருங்குகிறது, உலர்ந்தபின் எத்தனை மைக்ரான் தடிமனில் நிற்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகே தரவுத்தாளைத் திறப்பதில் பொருள் இருக்கிறது.

படலம் சுருங்கும்போது நடப்பது

சிலிக்கா ஒளியை மறைப்பதால் மேட் தோற்றம் வருவதில்லை. சிலிக்காவின் ஒளிவிலகல் எண் சுமார் 1.46, பூச்சுப் படலத்தை உருவாக்கும் ரெசின்களில் பெரும்பாலானவற்றுடையது 1.5-ஐ ஒட்டியது. இரண்டும் இவ்வளவு நெருங்கியிருப்பதால்தான் தெளிந்த வார்னிஷுக்குள் சிலிக்கா பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது, 2.7 என்ற உயர்ந்த ஒளிவிலகல் எண் கொண்ட டைட்டானியம் டை ஆக்ஸைடைப் போல அது வெள்ளையாக மூடிவிடுவதில்லை. மேட் என்பது மேற்பரப்பில் நடக்கும் வேலை. ஈரப் படலம் முழுவதும் துகள்கள் பரவியிருக்கின்றன. கரைப்பான் ஆவியாகிப் படலம் சுருங்கச் சுருங்க, மேற்பரப்பை ஒட்டிய துகள்கள் கீழே இறங்க இடமின்றி நின்று, தம் மீது போர்த்தியிருக்கும் மெல்லிய ரெசினைச் சிறு சிறு மேடுகளாக உயர்த்துகின்றன. அந்த மேடுகளில் விழும் ஒளி ஒரே திசையில் திரும்பாமல் பல திசைகளில் சிதறுவதையே நாம் மேட் என்று காண்கிறோம்.

கன அளவில் 30 சதவீதம் திடப்பொருள் உள்ள ஒரு லாக்கரை 100 மைக்ரான் ஈரத் தடிமனில் அடித்தால், உலர்ந்த பின் 30 மைக்ரான்தான் மிஞ்சும். எழுபது சதவீதம் சுருங்கும் இப்படிப்பட்ட படலத்தில் ஏறக்குறைய எந்த சிலிக்காவும் மேட் தந்துவிடும், தேர்வு எளிது. அதே துகள்களைக் கரைப்பானே இல்லாத, புற ஊதா ஒளி விளக்கால் இறுகவைக்கும் யு.வி. வார்னிஷில் போட்டால், அதிலுள்ள அக்ரிலேட் மூலக்கூறுகள் இணையும்போது ஏற்படும் சொற்பச் சுருக்கம் ஒன்றுதான் துணை. அங்கே அளவை இரட்டிப்பாக்கினாலும் பளபளப்பு அடம்பிடிக்கும். வார்னிஷ் மட்டும் கூழாகக் கெட்டிப்படும். "இந்த சிலிக்கா நன்றாக மேட் ஆக்குகிறது" என்று ஒருவர் சொல்லும்போது எந்தப் பூச்சில் என்று கேட்காமல் அந்தக் கூற்றை ஏற்பதற்கில்லை.

தடிமனும் இதே கணக்கில் வருகிறது. ஒரே சிலிக்காவை ஒரே அளவில் சேர்த்த பூச்சைச் சற்றுக் கனமாக அடித்தால், துகள்கள் படலத்துக்குள் மூழ்கிப் பளபளப்பு பொதுவாக உயரும். எனவே தடித்த படலத்துக்குப் பெரிய துகளும், மெல்லிய படலத்துக்குச் சிறிய துகளும் வேண்டும் என்பது பொதுவிதி. பெரிய துகள் குறைந்த அளவிலேயே மேட் தரும், ஆனால் கையால் தடவும்போது சொரசொரப்பாக இருக்கும். சிறிய துகள் வழவழப்பான தொடுஉணர்வைத் தரும், ஆனால் அதே மேட் அளவை எட்ட அதிகம் சேர்க்க வேண்டியிருக்கும். மர நாற்காலியின் கைப்பிடியில் தொடுஉணர்வுதான் முதலில் பார்க்கப்படும். இயந்திரத்தின் உறைத்தகட்டில் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

பளபளப்பை அளவிடும் கோணத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் ஒப்பீட்டில் நேரும் தவறுகளில் பாதி அங்கேதான் பிறக்கின்றன. ஐ.எஸ்.ஓ. 2813 தரநிலை 20, 60, 85 டிகிரி ஆகிய மூன்று கோணங்களைத் தருகிறது; ஒளிவிலகல் எண் 1.567 கொண்ட மெருகேற்றிய கருங்கண்ணாடியை 100 அலகு என்று வைத்து மற்றவற்றை அளக்கிறது. 60 டிகிரியில் 10 அலகுக்குக் கீழே போனால் 85 டிகிரியில் அளக்க வேண்டும் என்பது வழக்கம். இரண்டு பூச்சுகள் 60 டிகிரியில் ஒரே 8 அலகைக் காட்டினாலும், ஒன்று 85 டிகிரியில் 15 ஆகவும் மற்றது 40 ஆகவும் இருக்கலாம். இரண்டாவதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்வாகப் பார்த்தால் பளிச்சென்று மின்னும். நுண்ணிய துகள் கொண்ட ரகங்களில் இந்தச் சாய்வுப் பளபளப்பு கூடுதலாக இருப்பது இயல்பு. பெரிய மேசைப் பரப்புகளிலும் சுவர்ப் பலகைகளிலும் இது உடனே கண்ணை உறுத்தும்.

மூன்று பிறவிகள்

சந்தையில் கிடைக்கும் மேட்டிங் சிலிக்காக்கள் செய்முறையால் மூன்று குடும்பங்களாகப் பிரிகின்றன. சோடியம் சிலிக்கேட்டையும் கந்தக அமிலத்தையும் வினைபுரியவைத்து, முழுக் கரைசலையும் ஒரே திடமான கூழாக உறையவைத்து, கழுவி, உலர்த்தி, அரைத்து எடுப்பது சிலிக்கா ஜெல். அதே மூலப்பொருள்களைக் கார நிலையில், சூட்டில், கலக்கிக்கொண்டே சேர்த்து, துகள் துகளாகப் பிரிந்து விழவைத்து வடிகட்டி எடுப்பது வீழ்படிவு சிலிக்கா. சிலிக்கான் டெட்ராகுளோரைடை ஹைட்ரஜன்–ஆக்சிஜன் சுடரில் எரித்துப் பெறுவது ஃப்யூம்டு சிலிக்கா. கிரேஸ் நிறுவனத்தின் சைலாய்டு வரிசை முதல் குடும்பத்துக்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. எவோனிக்கின் அசிமாட் வரிசையில் ஓ.கே. 412 மெழுகு ஏற்றிய வீழ்படிவு சிலிக்கா, டி.எஸ். 100 எதுவும் ஏற்றாத ஃப்யூம்டு சிலிக்கா.

சிலிக்கா ஜெல்லின் பலம் அதன் கட்டமைப்பின் உறுதி. கூழாக உறைந்தபோதே முப்பரிமாண வலையாகப் பிணைந்துவிட்டதால், கலக்கும் இயந்திரத்தின் விசையைப் பெருமளவு தாங்கும்; ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் பளபளப்பு மாறாமல் வருவதற்கு இது பெரிதும் உதவுகிறது. அதன் துளைக் கொள்ளளவையும் கழுவும் முறையாலும் உலர்த்தும் வேகத்தாலும் விரும்பியபடி அமைக்க முடிகிறது. மறுபுறம், அந்த உறுதியே சில இடங்களில் தொல்லை: கடினமான துகள் என்பதால், உருளைகளிலும் அச்சுகளிலும் தேய்மானத்தை உண்டாக்கக்கூடும்.

வீழ்படிவு சிலிக்கா தளர்வான திரள்களால் ஆனது. எளிதில் பரவும், விலை பெரும்பாலும் குறைவு, மரப் பூச்சுகளில் நீண்டகாலமாகப் பழகிய பொருள். ஆனால் அதிக வேகத்தில் அதிக நேரம் கலக்கினால் திரள்கள் உடைந்து பளபளப்பு ஏறிவிடும். நன்றாகக் கழுவப்படாத ரகங்களில் சோடியம் சல்ஃபேட் உப்பு எஞ்சியிருக்கலாம்; ஈரப்பதத்தில் நிற்கும் உலோகப் பூச்சுக்கு அந்த உப்பு கொப்புளத்துக்கு வழிவகுக்கும். தொழிற்சாலைப் பூச்சுக்கு வாங்குபவர் தரவுத்தாளில் உப்பு அளவையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

ஃப்யூம்டு சிலிக்கா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பூச்சு வழியாமல் இருக்கச் சேர்க்கும் தடிப்பாக்கிதான். அதன் முதன்மைத் துகள்கள் 7 முதல் 40 நானோமீட்டர் வரைதான் இருக்கும். அந்த நிலையில் அவற்றால் மேட் ஆக்க முடியாது. மேட்டிங் ரகங்களில் இவை சுமார் 10 மைக்ரான் அளவுள்ள திரள்களாக ஆக்கப்படுகின்றன. சுடரில் பிறப்பதால் ஈரமும் உப்பும் மிகக் குறைவு. குறைந்த அளவிலேயே மேட் தரும். கறுப்புச் சாயமேற்றிய மரத்தின் மீதும் தெளிவு குன்றாது. விலை அதிகம், பாகுநிலையைக் கூட்டும் என்பவை இதன் இரு குறைகள். ஆழ்ந்த கறுப்பு நிறப் பூச்சு, தெளிவு முக்கியமான மர வார்னிஷ், ஹார்டனர் என்ற இரண்டாம் கூற்றைக் கலந்து இறுகவைக்கும் இரு கூறு பாலியூரித்தேன் ஆகிய மூன்று இடங்களிலும் கிலோ விலையைப் பார்த்து இதை ஒதுக்கிவிடுவது அவசரமான முடிவு என்றே கருதுகிறேன்.

ஒரு கிராம் தூளின் துளைகளில் எவ்வளவு வெற்றிடம் உண்டு என்பதைச் சொல்லும் துளைக் கொள்ளளவு என்ற எண்ணைச் சற்று நின்று கவனிக்க வேண்டும், ஏனெனில் மேட் திறனை முன்கூட்டிச் சொல்வதில் துகள் அளவுக்கு அடுத்தபடி நம்பத்தக்கது அதுதான். சிலிக்காவின் உடலுக்கு மட்டும் ஒரு கிராமுக்குச் சுமார் 0.45 மில்லிலிட்டர் இடம் போதும். துளைக் கொள்ளளவு கிராமுக்கு 1.2 மில்லிலிட்டர் என்றால் ஒரு கிராம் தூள் மொத்தம் 1.65 மில்லிலிட்டர் இடத்தை நிரப்பும், 1.8 என்றால் 2.25 மில்லிலிட்டர். துகள் அளவு ஒன்றே எனில், இரண்டாவதில் ஒரு கிராமுக்கு 36 சதவீதம் அதிகத் துகள்கள் இருக்கின்றன என்று அர்த்தம். மேடுகளை எழுப்புபவை துகள்கள்தான், எடை அல்ல. ஆகவே விலையை எடைக்குக் கொடுத்தாலும், வாங்குவது கன அளவையே. இதற்கு ஓர் எல்லையும் உண்டு. வெற்றிடம் கூடக் கூடத் துகள் பலவீனமாகும், ரெசினையும் கரைப்பானையும் அதிகம் உறிஞ்சும், பூச்சு கெட்டிப்படும்.

துகள் அளவைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. லேசர் ஒளிச்சிதறல் முறையில் அளந்த எண்ணையும் மின்தடை முறையில் அளந்த எண்ணையும் நேரடியாக ஒப்பிட முடியாது. இரண்டு நிறுவனங்களின் 6 மைக்ரான் ரகங்கள் உண்மையில் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. சராசரியைவிட முக்கியமானது மேல்முனை அளவு: கூட்டத்தில் சில பெரிய துகள்கள் இருந்தாலே தெளிந்த வார்னிஷில் மணல் தூவியது போலத் தெரியும். துகள் பருமனைக் காட்டும் ஹெக்மன் அளவியில் பார்த்தால் அது வெளிப்பட்டுவிடும்.

மெழுகு ஏற்றியதா, ஏற்றாததா

எதுவும் ஏற்றாத சிலிக்கா டப்பாவின் அடியில் கெட்டியாகப் படிந்துவிடும் இயல்புடையது. மாதக்கணக்கில் இருப்பில் கிடந்த வார்னிஷை எவ்வளவு கிளறினாலும் அந்த அடி கலையாது. மெழுகு ஏற்றிய ரகத்திலும் படிவு உண்டு, ஆனால் அது மென்மையாக, கையால் கலக்கினால் எழும்பும்படி இருக்கும். மேற்பரப்பின் வழுக்கலும் கீறல் தாங்கும் திறனும் ஓரளவு கூடுவதும் மெழுகின் நன்மைதான். கரைப்பான் சார்ந்த மர வார்னிஷ் தயாரிப்பவருக்கு, சில்லறைக் கடையில் நெடுநாள் நிற்கும் பொருள் என்றால், மெழுகு ஏற்றியதைத் தவிர வேறொன்றைத் தேடத் தேவையில்லை.

எனினும் மெழுகு எல்லா இடத்திலும் வரம் அல்ல. அதிக வெப்பத்தில் சூளையில் சுடப்படும் உலோகப் பூச்சில் அது உருகி மேலே வந்து, மேல் பூச்சின் ஒட்டுதலைக் குறைக்கக்கூடும். நீர் சார்ந்த பூச்சில் நனைய மறுத்து நுரையையும் கட்டிகளையும் உண்டாக்கலாம். இதற்கெனவே நீர் சார்ந்த பூச்சுக்கான தனி ரகங்கள் விற்கப்படுகின்றன. மெழுகுக்குப் பதிலாக சிலேன் என்ற சிலிக்கான் சேர்மம் அல்லது பாலிமர் கொண்டு மேற்பரப்பை மாற்றிய ரகங்கள் வெப்பத்தையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும், ஆனால் விலை ஏறும்.

பூச்சு வகைக்கு ஏற்ப

நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரிலும் அமிலத்தால் இறுகும் வார்னிஷிலும் தேர்வு கடினமல்ல. 4 முதல் 7 மைக்ரான் வரையுள்ள, மெழுகு ஏற்றிய வீழ்படிவு சிலிக்காவோ ஜெல்லோ போதும். அமிலத்தால் இறுகுவதில் சிலிக்காவின் பி.எச். மதிப்பு காரப் பக்கம் சாயாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் அது வினையூக்கியான அமிலத்தையே தின்றுவிடும்.

இரு கூறு பாலியூரித்தேனில் கவலை ஈரத்தைப் பற்றியது. சிலிக்கா தன் துளைகளில் 5, 6 சதவீதம் நீரை வைத்திருப்பது சாதாரணம். 100 கிராம் வார்னிஷில் 5 கிராம் சிலிக்கா, அதில் 6 சதவீதம் நீர் என்றால், மொத்தம் 0.3 கிராம் நீர் உள்ளே போகிறது. 18 கிராம் நீர், ஹார்டனரில் வினைபுரியும் பகுதியான ஐசோசயனேட் தொகுதியை 84 கிராம் உண்ணும் என்பதால், இந்த 0.3 கிராம் நீரால் 1.4 கிராம் ஐசோசயனேட் தொகுதி வீணாகலாம். 10 சதவீத ஐசோசயனேட் உள்ள ஹார்டனர் என்றால், அதில் 14 கிராம். இது கோட்பாட்டளவிலான உச்சவரம்பு. நடைமுறையில் துளைக்குள் இறுகப் பிடிபட்ட நீர் முழுவதும் வினைபுரிவதில்லை, புரிந்தாலும் ரெசினின் ஹைட்ராக்ஸில் தொகுதியைவிட மெதுவாகவே புரியும். ஆனாலும் திறந்த மூட்டையில் மழைக்காலம் முழுவதும் கிடந்த சிலிக்காவைப் போட்டுவிட்டு, படலத்தில் நுண்குமிழி வருகிறது, கடினம் குறைகிறது என்று ஹார்டனரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. இந்தப் பூச்சுக்கு ஈரம் குறைந்த ஃப்யூம்டு ரகமோ, ஈர அளவு உறுதிப்படுத்தப்பட்ட ஜெல் ரகமோ தேர்ந்தெடுத்து, மூட்டையைத் திறந்தவுடன் முடித்துவிடுவது நல்லது. துளைகள் வினையூக்கியை உறிஞ்சிக்கொள்வதும் உண்டு. ஆல்கிட் பூச்சில் உலர்த்திகள் இப்படிச் சிக்கி, நாள் செல்லச் செல்ல உலரும் நேரம் நீள்வதைக் காணலாம்.

நீர் சார்ந்த மரப் பூச்சுதான் எல்லாவற்றிலும் நுணுக்கமானது. இங்கே ரெசின் கரைந்திருப்பதில்லை. சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாக நீரில் மிதக்கிறது. சிலிக்காவின் துளைகளோ பெரும்பாலும் சில பத்து நானோமீட்டர் அகலம்தான். எனவே கரைப்பான் சார்ந்த பூச்சில் நடப்பது போல ரெசின் துளைக்குள் புகுவதில்லை. நீரும், உருண்டைகள் ஒன்றுகூடிப் படலமாவதற்காகச் சேர்க்கும் கரைப்பானும் மட்டுமே புகும். நீர் ஆவியான பிறகு துளைக்குள் காற்று மிஞ்சுகிறது. அடர்ந்த நிறமுள்ள மரத்தின் மீது நீலம் கலந்த மூட்டம் தெரிவதற்கும், காப்பி சிந்திய இடத்தில் வெள்ளைத் தடம் விழுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். படலம் கூட்டும் கரைப்பானின் ஒரு பகுதி சிலிக்காவுக்குள் ஒளிந்துகொள்வதால் படலம் சரியாகக் கூடாமலும் போகலாம். பூச்சைத் தயாரித்த அன்று அளந்த பாகுநிலையை நம்பவும் முடியாது. துளைகள் முழுவதும் நனைய நேரம் பிடிக்கும் என்பதால் அடுத்த சில நாள்களில் அது மாறும். இத்தனையையும் வைத்துப் பார்க்கும்போது, நீர் சார்ந்த பூச்சில் துளைக் கொள்ளளவு மிக அதிகமான ரகத்தைவிட நடுத்தரமான, எளிதில் நனையும் ரகத்தையே விரும்புவேன். மேட் திறனில் இழப்பது, தெளிவிலும் நீர் தாங்குவதிலும் திரும்பி வந்துவிடுகிறது.

முழுத் திடப்பொருளாலான யு.வி. வார்னிஷில் சிலிக்காவை மட்டும் நம்பி ஆழ்ந்த மேட்டை எட்ட நினைப்பது வீண் முயற்சி. படலத் தடிமனுக்கு நெருக்கமான அளவுள்ள, பாகுநிலையை அதிகம் கூட்டாத, மேற்பரப்பு மாற்றிய ரகங்களால் நடுத்தர மேட் வரை வரலாம். அதற்கும் கீழே போக வேண்டுமானால், தூளைவிட்டு விளக்குக்குத் தாவ வேண்டும். நைட்ரஜன் சூழலில் எக்ஸைமர் விளக்கின் 172 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால், ஈரப் படலத்தின் மேல் தோல் மட்டும் இறுகிச் சுருங்கி நுண்ணிய மடிப்புகளாகிவிடும். பிறகு வழக்கமான விளக்கு எஞ்சியதை இறுக்கும். 60 டிகிரியில் 5 அலகுக்கும் குறைவான மேட்டை இதனால் பெற முடிகிறது, அதுவும் வழவழப்பான தொடுஉணர்வோடு. கருவிக்கும் நைட்ரஜனுக்கும் ஆகும் செலவைப் பெரிய அளவில் தரைப்பலகை செய்யும் ஆலைதான் தாங்கும். நீர் சார்ந்த யு.வி. வார்னிஷ் என்றால் நிலைமை வேறு: விளக்குக்கு முன்பே நீர் ஆவியாகிப் படலம் சுருங்கிவிடுவதால் சிலிக்கா அங்கே இயல்பாக வேலை செய்யும்.

தொழிற்சாலை உலோகப் பூச்சில் நிறமிகளும் களத்தில் இருக்கின்றன. அவையே பளபளப்பைக் கொஞ்சம் குறைத்துவிடும் என்பதால் சிலிக்காவின் அளவை ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகவே தீர்மானிக்க வேண்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் மேட் கூடக் கூட நிறம் வெளுத்துச் சாம்பல் சாயல் ஏறும். இது சிலிக்காவின் குற்றமன்று, மேற்பரப்பில் சிதறும் ஒளியின் விளைவு, ஆகவே நிறமியைக் கூட்டி முழுவதும் சரிசெய்துவிட முடியாது. உருளையால் பூசப்படும் உலோகச் சுருள்களுக்கு உலர் தடிமன் 20 மைக்ரான் அளவில்தான் இருக்கும். அங்கே நுண்ணிய துகளே பொருந்தும், தேய்மானம் உண்டாக்காததும் வளைக்கும்போது வெடிப்பு விடாததும் மேட் திறனைவிட முக்கியம். மேட் பூச்சின் மீது உலோகப் பொருள் உரசினால் கரிய கோடு விழுவதும் இங்கே வரும் புகார். மெழுகைத் தனியாகச் சிறிது சேர்த்தால் அது குறையும். பவுடர் பூச்சில் கரைப்பானும் இல்லை, சுருக்கமும் இல்லை. எனவே வெவ்வேறு வேகத்தில் வினைபுரியும் இரண்டு பவுடர்களைக் கலப்பது போன்ற வேறு வழிகளையே அங்கே நாடுகிறார்கள்.

சிலிக்காவுக்கு வெளியே

நுண்ணிய பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் மெழுகுகள் தொடுவதற்கு இதமாக இருக்கும், கீறலைத் தாங்கும். தனியாகப் போட்டால் ஆழ்ந்த மேட் வராது, சிலிக்காவோடு சேர்த்தால் நல்ல துணை. யூரியா–ஃபார்மால்டிஹைடு வகைப் பாலிமர்த் தூள்கள் மென்மையானவை, உலோகச் சுருள் பூச்சில் பயன்பட்டவை. ஃபார்மால்டிஹைடு வெளியேற்றத்துக்கு வரம்பு உள்ள இடத்தில் கேள்வி எழும். அக்ரிலிக் மணிகள் தோலைப் போன்ற தொடுஉணர்வைத் தரும், ஆனால் அதிக அளவு வேண்டும். நுண்பாசிகளின் புதைபடிவ மண்ணான டயட்டோமைட் மலிவு, தெளிந்த வார்னிஷுக்கு உதவாது, சுட்ட ரகங்களில் படிகச் சிலிக்கா இருக்கும். படிகச் சிலிக்கா சுவாசத்தில் சேர்வதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவிலும், இங்கே பேசிக்கொண்டிருக்கும் படிகமற்ற சிலிக்காவை 1997-இல் வகைப்படுத்த இயலாத மூன்றாம் பிரிவிலும் வைத்தது. அதற்காக மேட்டிங் சிலிக்காவை முகமூடியின்றிக் கொட்டலாம் என்று பொருளில்லை; மிக இலேசான தூள், அறை முழுவதும் மிதக்கும்.

சமமான பளபளப்பில் ஒப்பிடுதல்

இரண்டு ரகங்களை ஒப்பிடும்போது இரண்டையும் 4 சதவீதம் போட்டுப் பளபளப்பு எது குறைவு என்று பார்ப்பதே பரவலான வழக்கம். இந்த ஒப்பீடு தவறான விடையையே தரும். சிலிக்காவின் அளவைக் கூட்டும்போது பளபளப்பு முதலில் வேகமாக விழுந்து, பிறகு தட்டையாகிவிடுகிறது. ஒரே அளவில் பார்க்கும்போது ஒரு ரகம் சரிவிலும் மற்றது தட்டைப் பகுதியிலும் நிற்கக்கூடும். ஒவ்வொரு ரகத்தையும் மூன்று நான்கு அளவுகளில் சேர்த்து வளைகோடு வரைந்து, இலக்குப் பளபளப்பு, எடுத்துக்காட்டாக 60 டிகிரியில் 20 அலகு, எந்த அளவில் கிடைக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த அளவில் செய்த பூச்சுகளை மட்டுமே ஒன்றோடொன்று வைத்துத் தெளிவு, பாகுநிலை, தொடுஉணர்வு, தேய்த்தால் பளபளப்பு ஏறுகிறதா என்பது, நீர்த் தடம், 85 டிகிரி மதிப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

செலவும் இப்படித்தான் கணக்கிடப்பட வேண்டும். கிலோவுக்கு 100 அலகு விலையுள்ள ரகம் 5 சதவீதம் தேவைப்பட்டால், 100 கிலோ பூச்சுக்கு 500 அலகு. 140 அலகு விலையுள்ள ரகம் 3.2 சதவீதத்தில் அதே மேட் தந்தால் 448 அலகு. கூடுதலாக, இரண்டாவதில் படலத்துக்குள் சிலிக்கா குறைவு என்பதால் தெளிவும் நீர் தாங்குதலும் மேம்பட்டிருக்கும், பாகுநிலையைச் சரிசெய்யச் சேர்க்கும் தின்னரும் குறையலாம். கிலோ விலையில் தோற்ற ரகம் பூச்சு விலையில் வெல்வது அரிதன்று.

சோதனைத் தகடுகளில் தடிமன், உலரும் வெப்பம், உலரும் நேரம் மூன்றும் மாறாமல் இருக்க வேண்டும். குளிர்ந்த அறையில் மெதுவாக உலர்ந்த தகட்டையும் சூடான காற்றில் உலர்ந்த தகட்டையும் ஒப்பிடுவது பயனற்றது. கறுப்பு–வெள்ளை அட்டையில் பூசினால் மூட்டமும் மறைப்பும் ஒருசேரத் தெரியும். கலக்கும் முறையையும் ஆலையில் நடப்பதற்கு நெருக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். சிலிக்காவைக் கடைசியாக, மிதமான வேகத்தில் சுழலும் டிஸ்க் கலக்கியில் சேர்ப்பதே முறை. நிறமி அரைக்கும் பீட் மில்லில் அதைப் போட்டால் எந்த ரகமானாலும் கட்டமைப்பு நொறுங்கும். சோதனைக்கூடத்தில் பத்து நிமிடம் கலக்கியதற்கும், கூடுதலாக அரை மணி நேரம் ஓடவிட்டதற்கும் பளபளப்பு எவ்வளவு மாறுகிறது என்று வேண்டுமென்றே பார்ப்பது நல்ல பழக்கம். அதிகம் மாறும் ரகத்தை, மற்ற குணங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பல ஆட்கள் பல நேரங்களில் இயக்கும் ஆலைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இருப்புச் சோதனையைத் தவிர்க்க இயலாது. 50 டிகிரி சூட்டில் சில வாரம் வைத்து, அடிப்படிவைக் கரண்டியால் தொட்டுப் பார்த்து, மீண்டும் கலக்கிப் பூசி, பளபளப்பு முதல் நாள் மதிப்போடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். இரண்டாவது வழங்குநரின் ரகத்தை மாற்றாக ஏற்கும்போதும் இதே வரிசைதான் பொருந்தும். சராசரித் துகள் அளவும் எண்ணெய் உறிஞ்சலும் ஒத்திருக்கின்றன என்பதற்காக நேரடியாக மாற்றிவிடாமல், பழைய ரகத்தில் செய்த தகட்டை அருகில் வைத்து, குறைந்தது மூன்று வெவ்வேறு தொகுதி எண்களில் வந்த மூட்டைகளைச் சோதித்த பிறகே ஆலைக்குள் விட வேண்டும்.